மாப்பிள்ளை கார் கொதிக்கிறது

அத்தியாயம் 5

மலையடிவாரத்துக் காரவள்ளி ஓட்டலில் இட்லி, பொங்கல், அதன் தலைமேல் ஒரு தோசை என்று முடித்துவிட்டு வண்டியில் ஏறி, மலைப்பாதையில் பாதி வளைவுகள்கூடத் தாண்டியிருக்க மாட்டோம். எனக்குப் பசித்தது.

"மேடம், பசிக்குது."

முன் சீட்டில் இருந்த அருணா மேடம் திரும்பிப் பார்க்கவில்லை. நாமக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர் அவர். நான் சதீஷ்குமார், அந்த நிலையத்தின் மொத்த ஊழியர் படை. காணாமல் போன கணவன்மார்களைக் கண்டுபிடித்து, அவர்கள் விரும்பாவிட்டாலும் வீட்டில் சேர்ப்பதுதான் எங்கள் வழக்கமான தொழில். ஒரு என்ஜினிலிருந்து காணாமல் போன குளிர்ச்சியைத் தேடி நாங்கள் கிளம்பியது இதுவே முதல் தடவை.

வண்டி ஒரு பழைய அம்பாசடர். கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் காளியண்ணனுக்கு அவருடைய அம்மாவைப் பெற்ற அப்புச்சி வழியாக வந்தது. மலையில் பல ஊர் சேர்ந்தால் ஒரு நாடு; அந்த நாட்டில் எந்த மாப்பிள்ளையும் இந்தக் காரில்தான் பெண் வீட்டு வாசலில் போய் இறங்க வேண்டும். வேறு வண்டியில் இறங்கியவனை மாமியார்கள் மாப்பிள்ளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அப்படிப்பட்ட காரின் என்ஜின் பிளாக்கில் போன மழைக்காலத்தில் விரிசல் விட்டுவிட்டது. காரவள்ளியில் பட்டறை வைத்திருக்கும் பூங்குழலி, துறையூர்ப் பக்கம் மூடிக் கிடந்த ரைஸ்மில் ஒன்றில் அதே மாடல் என்ஜினைத் தேடிப் பிடித்தாள். புளியமரக் கிளையில் செயின் கட்டிப் பழையதைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, புதியதை உள்ளே இறக்கினாள். புதியது என்றால் அந்தக் காருக்குத்தான் புதியது. என்ஜினுக்கு வயதென்னவோ பேரன் பேத்தி எடுக்கும் வயது.

அன்றைக்குப் பிடித்தது சனி. வீடு போய்ச் சேர்ந்து, மறுநாள் மலை இறங்கி ஏறும்போது கார் கொதித்தது. பூங்குழலி ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவிக் கொடுத்தாள். பட்டறையிலிருந்து காளியண்ணன் வீடு வரைக்கும் சமர்த்தாகப் போனது. அடுத்த தடவை மலை இறங்கி ஏறியபோது மறுபடி கொதித்தது. மூன்றாவது தடவை கொதித்தபோது உள்ளே முரளி என்ற மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் கல்யாணத்துக்குத் தானே கார் தள்ளிப் போன பெருமை இந்த மலையில் அவன் ஒருவனுக்குத்தான் உண்டு. முகூர்த்தம் தப்பவில்லை. மானம்தான் போய்விட்டது.

காளியண்ணன் கொதித்தது அதற்குப் பிறகு. தன் நல்ல என்ஜினை அமுக்கிக்கொண்டு பூங்குழலி பழைய இரும்பை மாட்டிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னார். விரிசல் விட்ட என்ஜின் பட்டறையிலேயே கிடக்கிறது, வந்து பாருங்கள் என்றாள் அவள். அந்த விரிசலைச் சுத்தியலால் அடித்து உண்டாக்கியதே அவள்தான் என்றார் அவர். இன்று பிற்பகல் காளியண்ணன் வீட்டு வாசலிலேயே ஊர்க்கூட்டம். முந்தின நாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்த பூங்குழலி இதையெல்லாம் அழாமல்தான் சொன்னாள். கடைசியில் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

"தண்டம்னா கட்டிடுவேன் மேடம். பட்டறைப் பக்கம் யாரும் போகக்கூடாதுன்னு கூட்டத்துல சொல்லிட்டா அப்புறம் ஒரு ஜீப் வராது. நான் பூட்டைப் போட்டுட்டு, புளியஞ்சோலையில அண்ணன் வீட்டுல போய்க் கிடக்க வேண்டியதுதான்."

அதனால்தான் இன்று காலை காளியண்ணன் வீட்டிலிருந்தே காரை வாங்கி மலை இறங்கி, திரும்ப ஏறிக்கொண்டிருந்தோம். ஓட்டியவர் காளியண்ணனின் டிரைவர் மாரி. பூங்குழலி பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் கணவனைப் போல என்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம், நிஜமாவே பசிக்குது."

"இப்பத்தானே ஒரு ஓட்டலைக் காலி பண்ணிட்டு வந்தே?"

அடுத்த வளைவில் கார் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டது. பானட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. மாரி ஓரமாக நிறுத்திவிட்டு, இதெல்லாம் தினப்படி பூஜை என்பதுபோல இறங்கி டயருக்குக் கல் வைத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிரஷராம். உப்பைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். போதாக்குறைக்கு இந்த ஸ்டீயரிங்கை ஒடித்து ஒடித்தே தோள்பட்டை கழன்றுவிட்டது, முதலாளி ஒரு ஜீப் வாங்கினால் தேவலை என்று புலம்பினார். மேடம் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தார். அவர் அப்படி இருந்தால் முழுசாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

பூங்குழலி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தாள். ஃபேன் பெல்ட் இறுக்கமாக இருந்தது. ரப்பர் ஹோஸ் எங்கும் அமுங்கவில்லை. வாட்டர் பம்ப் புதுசு. சூடு ஏறினால் திறந்து தண்ணீரை விட வேண்டிய தெர்மாஸ்டாட்டைக் கழற்றி, டீக்கடைப் பாய்லரில் போட்டு, அது திறப்பதைத் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள்.

"அந்த டீயை யார் குடிச்சாங்க?" என்று கேட்டேன். குடித்தவர் காரவள்ளியில் இன்னும் நலமாக இருப்பார் என்று நம்புகிறேன்.

ஆவி அடங்கியதும் ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைப் பையப் பையத் திருகித் திறந்தாள். செம்பழுப்பு நிறத்தில் தண்ணீர் பொங்கி ரோட்டில் வழிந்தது. எப்போது திறந்தாலும் இந்தத் துருத் தண்ணீர்தான் வருகிறது, வருஷக்கணக்காக ரைஸ்மில்லில் கிடந்த என்ஜின் ஆயிற்றே, கழுவக் கழுவத் துரு வந்துகொண்டே இருக்கிறது என்றாள். குரலில் அலுப்பு தெரிந்தது. தன் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டதோ என்று எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்போது புதரிலிருந்து ஒரு செவலை நாய் வந்தது. மாரியைப் பார்த்து வாலை ஆட்டியது. பிறகு நேராகப் போய், ரோட்டில் வழிந்து ஆறியிருந்த துருத் தண்ணீரை நக்க ஆரம்பித்தது. வேண்டாவெறுப்பாக அல்ல. விருந்தில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவன் பாயசத்தை நக்குவதுபோல நக்கியது.

மேடம் அந்த நாயையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் இருவரையும் ஒரே கண்ணோடு அவர் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை.

"சதீஷ், உனக்கு எப்பப் பசிச்சுது?"

"இப்பவும்தான் மேடம்."

"கார் சூடாக ஆரம்பிச்சப்ப. மூணு அயிட்டம் சாப்பிட்டவனுக்குக் கடிகாரம் பார்த்துப் பசிக்காது. வாசனை பார்த்துத்தான் பசிக்கும்." அவர் ரேடியேட்டரைக் காட்டினார். "ஒரு சொட்டுத் தொட்டு நாக்குல வை."

பி.காம். படித்துவிட்டு இந்த வேலைக்கு வரும்போது இப்படி ஒரு நாள் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் துறையூர் ரைஸ்மில்லில் கிடந்த இரும்பு என்ன பாவம் செய்ததோ, அதன் தண்ணீரை நான் தொட்டு நாக்கில் வைத்தேன். இன்னொரு தரம் வைத்தேன்.

"ராகிக் கூழ் மேடம்," என்றேன். "நல்லாத்தான் இருக்கு. உப்புதான் பத்தலை."

பூங்குழலி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே ரோட்டோரக் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். துருவும் ராகியும் ஒரே நிறம். நாள் முழுக்கப் பெட்ரோலும் கிரீஸும் முகர்ந்த மூக்குக்கு வாசனை பிடிபடவில்லை. என்ஜின் சூட்டில் கூழ் இறுகி, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை எல்லாம் அடைத்திருக்கிறது. பட்டறையில் கழுவி விட்டதும் வீடு வரை ஓடியது. வீட்டில் நின்று கிளம்பினால் கொதித்தது. ஆக, காளியண்ணன் வீட்டில் வைத்துத்தான் யாரோ ஊற்றுகிறார்கள்.

ரேடியேட்டரின் அடித் திருகைக் கழற்றி வழிந்த வரை வழியவிட்டு, ஓடைத் தண்ணீரை நிரப்பி நத்தை வேகத்தில் ஏறினோம். வழியில் மேடம் என் காதில் கணக்கைச் சொன்னார். கூழில் உப்பில்லை. இந்த மலையில் உப்பில்லாத கூழ் யாருக்குக் காய்ச்சுவார்கள்? பிரஷர்காரருக்கு. காரை இரவெல்லாம் நிறுத்தி வைப்பது யார்? இந்தக் கார் ஒழிந்து ஜீப் வந்தால் யாருக்கு நல்லது? முன் சீட்டில் மாரியின் காலடியில் ஒரு சாப்பாட்டுத் தூக்குப் போசி ஆடிக்கொண்டிருந்தது. நான் மாரியின் பிடரியைப் பார்த்தேன். குற்றவாளியின் பிடரி போலத்தான் இருந்தது.

காளியண்ணன் வீட்டு வாசலில் நாடே கூடியிருந்தது. மாரி காரைப் பலாமரத்தடியில் நிறுத்தினார். பானட்டிலிருந்து இன்னும் லேசாக ஆவி வருவதைப் பார்த்துக் கூட்டம் 'உச்' கொட்டியது. அந்த 'உச்' பூங்குழலிக்கு எதிரான ஓட்டு என்பது எனக்கே புரிந்தது. ஊர்த்தலைவர் குப்புசாமி பெஞ்சில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். முரளியின் பெரியப்பா அவர். தம்பி மகன் கார் தள்ளியதை அவர் இன்னும் மறக்கவில்லை. காளியண்ணன் எழுந்து தன் அப்புச்சி அந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு மாப்பிள்ளையாகக் கடந்து முரளிக்கு வந்து சேர்வதற்குள் பலாமர நிழல் ஒரு அடி நகர்ந்துவிட்டது. முடிவில், கீழ்நாட்டுக்காரியை நம்பியது தன் தப்பு என்றார். பூங்குழலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் பலர் தலையை ஆட்டினார்கள். அவள் மலையின் மறுபக்கத்து அடிவாரமான புளியஞ்சோலையிலிருந்து வந்தவள் என்பதே பாதிக் குற்றமாக அங்கே நின்றது.

மேடம் எழுந்தார். என்ஜின் நல்ல என்ஜின், ரேடியேட்டருக்குள் யாரோ கூழ் ஊற்றுகிறார்கள் என்றார். கூட்டம் சிரித்தது. நான் முன்னால் வந்து, ருசி பார்த்தவன் நானே என்று சாட்சி சொன்னதும் இன்னும் சிரித்தது. மேடம் அசரவில்லை. உப்பு, பிரஷர், ஜீப் என்று ஒவ்வொரு கண்ணியாகக் கோத்து, கடைசியில் மாரியின் பக்கம் விரலை நீட்டி, அந்தத் தூக்குப் போசியைத் திறக்கச் சொன்னார்.

மாரியின் முகம் வெளுத்தது. மேடம் கண்ணில் வெற்றி மின்னியது. போசியை நானே பிடுங்கித் திறந்தேன். உள்ளே காரவள்ளிப் பரோட்டா. இன்னொரு தட்டில் சால்னா, எண்ணெய் மிதக்க.

"கூழ் எங்கே?" என்றார் மேடம். "காலையில வீட்டுல கொடுத்து விட்ட கூழ் எங்கே போச்சு?"

மாரியின் பார்வை கூட்டத்தில் நின்ற தன் மனைவி சுமதியின் மேல் போய்ப் பயந்து திரும்பியது. அப்போது எங்களுக்குப் பின்னால் 'கிரீச்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"மேடம்," என்றேன். "பின்னாடி பாருங்க."

காளியண்ணனின் மனைவி பாப்பாயி பலாமரத்தடியில் நின்றார். கார் பானட் திறந்திருந்தது. முந்தானையால் பிடித்து ரேடியேட்டர் மூடியைக் கழற்றி ஓரமாக வைத்தார். இடுப்பிலிருந்த செம்பை இரண்டு கையாலும் எடுத்து, குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுவதுபோலப் பதமாகச் சாய்த்து ஊற்றினார். பழுப்பாக, கட்டியில்லாமல், ஒரே சீராக இறங்கியது. நாடு முழுவதும் வாயைப் பிளந்து பார்த்தது. ஊற்றி முடித்து மூடியைத் திருகிவிட்டுத் திரும்பியவர், எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டார்.

"ஏனுங்க, என்ன எல்லாரும் இப்படிப் பாக்கறீங்க? மலை ஏறிக் களைச்சு வந்து நிக்குதில்ல. பேசறதுக்கு மிந்தி அதுக்கு ஒரு வாய் ஊத்தறது இல்லீங்களா?"

அவர் ஒன்றையும் ஒளித்துச் செய்யவில்லை. இத்தனை நாளும் பட்டப்பகலில், வாசலில் வைத்தேதான் ஊற்றியிருக்கிறார். யாரும் கவனிக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. புதிதாக வீட்டுக்கு எது வந்தாலும், மாடானாலும் மருமகளானாலும், முதல் கூழ் ஊற்றித்தான் உள்ளே சேர்ப்பார்களாம். டிராக்டருக்கும் பைக்குக்கும்கூட உண்டு. ஆனால் அதற்கெல்லாம் முன் சக்கரத்தில் ஒரு கரண்டி ஊற்றுவதோடு சரி என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். பாப்பாயிக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"காலுல ஊத்துனா வயிறு நெறையுங்களா? தண்ணி குடிக்கிற வாய்தான் எனக்குத் தெரியுமே, புது என்ஜின் வந்த அன்னிக்கு அதுலதான் ஊத்தினேன். மறுநாளே கொதிச்சுது. இந்தப் புள்ள கொண்டு போயி, உள்ள ஒண்ணு விடாம எல்லாத்தையும் கழுவிட்டேங்கம்மான்னு எங்கிட்டயே சொல்லிச்சு. வெறும் வயித்தோட அனுப்புனா அது எப்படிங்க மலை ஏறும்? அடுத்த தடவ ரெண்டு செம்பா ஊத்தினேன். இரும்பு துருப்புடிக்குமேன்னு உப்புக்கூடக் கம்மியாத்தான் போட்டேன்."

மேடம் நீட்டிய விரலை மடக்கிக் கைப்பைக்குள் எதையோ தேடினார். எங்கள் உப்புக் கணக்கு உப்பில்லாமலே கரைந்துவிட்டது. மாரியிடம் மன்னிப்பும் கேட்டார். ஆனால் மாரி அதைக் காதில் வாங்கும் நிலையில் இல்லை. வீட்டுக் கூழை வளைவிலிருந்த நாய்க்கு ஊற்றிவிட்டுத் தினமும் பரோட்டா தின்ற கதையைச் சுமதி அவரிடம் தனியாக விசாரித்துக்கொண்டிருந்தாள். அந்த விசாரணையில் எங்கள் நிலையம் கற்க வேண்டியது நிறைய இருந்தது.

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. பாப்பாயிக்கு அப்போதுதான் புரிந்தது. தன் கூழால்தான் கார் நின்றது, மாப்பிள்ளை தள்ளினான், ஒரு பெண்ணின் பேர் கெட்டது என்று ஒன்றொன்றாக முகத்தில் ஏறியது. செம்பை மெல்ல முந்தானைக்குள் மறைத்தார். அதைப் பார்த்த காளியண்ணன் சட்டென்று முன்னால் வந்தார். அந்த மனிதரை அதுவரை எனக்குப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

"நிறுத்துங்க," என்றார். "அவளுக்கு என்ன தெரியும். நாந்தான் ஊத்தச் சொன்னேன். கூழ் காய்ச்சிக் குடுத்ததும் நாந்தான். சிரிக்கிறதா இருந்தா என்னையப் பாத்துச் சிரிங்க."

சிரிப்பு நின்றது. பாப்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவரு காய்ச்சினாராமா? அடுப்புப் பத்த வெக்கத் தெரியாதுங்க இவருக்கு. கட்டி தட்டாமக் கூழ் கிண்ட இந்த நாட்டுலயே நான் ஒருத்திதான். தப்பு எம்பட தப்பு. அதையும் இவரு தூக்கிட்டுப் போகப் பாக்கறாரு."

இந்தத் தடவை காளியண்ணனும் சேர்ந்து சிரித்தார். பிறகு பூங்குழலியின் எதிரே போய் நின்றார். அவ்வளவு நீளமாகப் பேசத் தெரிந்தவருக்கு இப்போது சுருக்கமாகத்தான் வந்தது.

"என்ஜின் நல்லதுதான் அம்மிணி. எம்பட வாய்தான் கெட்டது."

பூங்குழலி தலையை மட்டும் அசைத்தாள். பேர் திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் கீழ்நாட்டுக்காரி என்று சொன்ன சொல் இன்னும் அவள் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. நாலு பேர் எழுந்து, சரி விடு, முடிஞ்சுது என்று கலையப் பார்த்தார்கள். பாப்பாயி விடவில்லை. அவள் பக்கத்தில் வந்து தாடையைத் தொட்டு நிமிர்த்தினார்.

"நீ எப்பக் கண்ணு இந்தப் பக்கம் வந்தே?"

"ரெண்டு வருஷமாச்சுங்கம்மா."

"உனக்கு ஆராச்சும் மொதக் கூழ் ஊத்துனாங்களா?"

பூங்குழலி இல்லை என்று தலையாட்டினாள். முந்தின நாள் எங்கள் அலுவலகத்தில் அழாதவள், கூட்டம் குற்றம் சொன்னபோது அழாதவள், அந்தக் கேள்விக்கு அழுதாள்.

"இரும்புக்குப் பசிக்குமேன்னு ரெண்டு செம்பு ஊத்தினேன்," என்றார் பாப்பாயி கூட்டத்தைப் பார்த்து. "இந்த ஊட்டு வாசலுக்கு எத்தனை வாட்டி வந்து போச்சு இந்தப் புள்ள. இதுக்கு ஒரு வாய் ஊத்தோணும்னு எனக்கும் தோணல, உங்களுக்கும் தோணல."

அவர் உள்ளே போய் வேறொரு செம்போடு வந்தார். பூங்குழலி அதை வாங்கி, நாடு மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, நின்ற இடத்திலேயே குடித்தாள். பாதியில் ஒரு தடவை விக்கினாள். பாப்பாயி தலையில் தட்டிக் கொடுத்தார். செம்பு காலியாகும் வரை ஊர்த்தலைவர் குப்புசாமி காத்திருந்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, நம்ம ஜீப்பு பிரேக் போட்டா ஒரு மாதிரி கத்துது. அதை எப்பக் கொண்டாரட்டும்?"

பூங்குழலி புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் கொண்டாங்க."